வேலிக்கு முன் எல்லைக்கல்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டுக் காணிக்கு வேலி அடிப்பது பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். முதற்கடிதத்தில் கேட்கப்பட்டிருப்பது வேறு பலருக்கும் உள்ள சிக்கல் என்பதால் அதற்கான பதில் நீண்டிருக்கிறது.

கேள்வி: கொட்டகலையில் 10 பேர்ச் காணி வாங்கி வீடு கட்டி முடித்துவிட்டோம். காணி பாதையோரத்திலிருந்து பின்புறமாகச் சரிந்து ஓடையை நோக்கி இறங்குகிறது. சுற்றிவர வலைக்கம்பி வேலி அடிக்க மூன்று பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் மற்ற இருவரையும் விட மிகக் குறைவாகச் சொல்கிறார். ஆனால் பாதிப் பணத்தை முற்பணமாகக் கேட்கிறார். அடுத்த வாரமே தொடங்கலாம் என்றும் சொல்கிறார். கணவர் வெளிநாட்டில் இருப்பதால் எல்லாவற்றையும் நானே பார்க்க வேண்டியிருக்கிறது. அவரிடம் வேலையைக் கொடுக்கலாமா?
– வாசகி, கொட்டகலை

பதில்: சகோதரி, அடுத்த வாரம் தொடங்க வேண்டாம். அந்தப் பாஸ் நம்பிக்கையானவரா என்பதைப் பிறகு பார்ப்போம். அதற்கு முந்திய கேள்வி ஒன்றுக்கே உங்கள் கடிதத்தில் விடையில்லை. வேலி எந்தக் கோட்டில் வரப்போகிறது? காணி உறுதியோடு உங்களுக்குக் கிடைத்த நில அளவை வரைபடத்தில் எல்லைகளும் அவற்றின் நீளங்களும் குறிக்கப்பட்டிருக்கும். வரைபடத்திலுள்ள எல்லைக்கற்கள் காணியிலும் அதே இடத்தில் இருக்கின்றனவா என்பதை நேரில் தேடிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நமது சரிவு நிலங்களில் மழைக்குக் கரைந்து இறங்கும் மண் கீழ்ப்பக்கத்துக் கற்களை மூடிவிடுகிறது. வீட்டுக்காக நிலத்தை வெட்டிச் சமப்படுத்தும்போது மேற்பக்கத்துக் கற்கள் பெயர்ந்துவிடுகின்றன. பெயர்ந்த கல்லை யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு, இங்கேதான் இருந்தது என்று மறுபடி நட்டுவிட்டுப் போயிருக்கவும் கூடும். அந்தக் கல்லை நம்பி அடிக்கும் வேலி, அயலாருடன் பல ஆண்டுகள் நீளும் வழக்குக்கு அத்திவாரமாகிவிடுகிறது.

ஆகவே உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரை அழைத்து, வரைபடத்தின்படி எல்லை முனைகளை மீண்டும் குறித்துத் தரச் சொல்லுங்கள். அவர் வரும் நாளை இரண்டு பக்கத்து அயலவர்களுக்கும் முன்கூட்டியே தெரிவித்து, அவர்கள் பார்த்திருக்கும்போதே முளைகளை அடித்து, முளைக்கு முளை நூல் கட்டிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் செலவை வீண் என்று நினைப்பவர்கள் அதிகம். நான் அப்படி நினைக்கவில்லை. இலங்கையில் 1871 ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையிலுள்ள கட்டளைச் சட்டம் ஒன்றின்படி, தனியார் காணியொன்றை ஒருவர் உரிமையாளரின் உரித்தை ஏற்காமல், தடையின்றி 10 ஆண்டுகள் ஆண்டனுபவித்திருந்தால், அதற்கு உரித்துக் கோரி நீதிமன்றம் செல்லலாம். வம்பு வேண்டாம் என்று இரண்டடி உள்ளே தள்ளி வேலி அடிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வெளியே விட்ட இரண்டடியில் அயலவர் கோழிக்கூடு கட்டி, வாழை நட்டு, ஆண்டுகள் கடந்தபின் அது யாருடையது என்ற கேள்வி எழும்போது, நீங்களே அடித்த வேலி உங்களுக்கு எதிரான சாட்சியாக நிற்கும்.

பாதையோரத்துக்கும் ஓடைப்பக்கத்துக்கும் எல்லைக்கல் மட்டும் போதாது. பாதையோரத்தில் வீதிக்கோடு, அதாவது வீதிக்கென ஒதுக்கிய இடத்தின் எல்லை, எங்கே விழுகிறது, மதிலோ வேலியோ அமைக்க அனுமதி பெற வேண்டுமா என்பதைப் பிரதேச சபையில் கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள். அது வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் கீழுள்ள பிரதான வீதியாக இருந்தால் அங்கும் கேட்க வேண்டும். ஓடைக்கரையில் ஒதுக்கமாக விடப்பட்ட நிலத்தை வேலிக்குள் இழுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமையில்லை. தவிர, வெள்ளம் பெருகும்போது முதலில் போவதும் அந்தப் பகுதியே.

கோடு தெளிவான பிறகு விலைக்கு வாருங்கள். மூன்று பேரும் மூன்று வேறு வேலிகளுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள் என்பதே என் எண்ணம். ஒருவர் 8 அடிக்கு ஒரு தூணும் இன்னொருவர் 12 அடிக்கு ஒரு தூணும் மனத்தில் வைத்துச் சொன்ன விலைகளை ஒப்பிட்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. வேலியின் உயரம், தூணின் வகையும் நீளமும், தூண்களுக்கு இடையிலுள்ள தூரம், குழியின் ஆழம், கம்பியின் தடிப்பு, கேட்டின் அகலம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, அதன் பிரதியை மூவரிடமும் கொடுத்து மறுபடி விலை கேளுங்கள். நீளத்தையும் நீங்களே அளந்து எழுதுங்கள். வரைபடத்தில் இருப்பது மட்டத்தில் அளந்த நீளம். வேலி போவதோ நிலத்தின் சரிவோடு. இரண்டடிக்கு ஓரடி இறங்கும் சரிவில், வரைபடத்தில் 50 அடியாக இருக்கும் பக்கம் நிலத்தில் ஏறத்தாழ 56 அடி வரும். வேலை முடிந்தபின் எழும் கணக்குச் சண்டைகள் பல இந்த ஆறடியிலிருந்து தொடங்குபவையே.

கம்பியைப் பொறுத்தவரை கேஜ் எண் கூடக் கூடத் தடிப்புக் குறையும் என்பதை நினைவில் வையுங்கள். 10 கேஜ் கம்பி ஏறத்தாழ 3.25 மில்லிமீற்றர், 12 கேஜ் 2.64 மில்லிமீற்றர், 14 கேஜ் 2 மில்லிமீற்றர் அளவே. பச்சை நிறப் பிளாஸ்டிக் பூசிய வலையை வாங்குவதானால் ஹாட்வெயார் கடையிலேயே அதன் வெட்டுமுனையைப் பாருங்கள். வெளியே தடிப்பாகத் தெரியும் கம்பிக்குள்ளே இரும்பு மெல்லியதாக, பூச்சு மட்டும் கனமாக இருப்பதுண்டு. நீங்கள் பணம் கொடுப்பது உள்ளே இருக்கும் இரும்புக்கு. நமது ஈரக் காலநிலைக்கு நாக முலாம் பூசிய கம்பி அவசியம். சாதாரண இரும்புக் கம்பி சில மழைக்காலங்களுக்கு மேல் தாங்காது.

வார்த்த கொங்கிரீட் தூண்களை வாங்கும்போது அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நிலையில் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் புரட்டி, குறுக்கே மயிரிழை வெடிப்பு ஓடுகிறதா, எங்காவது துருக்கறை கசிந்திருக்கிறதா, உள்ளே எத்தனை கம்பி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஏழடித் தூணில் இரண்டடி மண்ணுக்குள் இருக்க வேண்டும். சரிவின் விளிம்பில் நிற்கும் தூணுக்குக் கீழ்ப்பக்க மண்ணின் தாங்கல் குறைவு என்பதால், அங்கே நீளமான தூணை வாங்கி இன்னும் அரை அடியாவது ஆழமாக இறக்க வேண்டும். குழிக்குச் சீமெந்து, மணல், சல்லி 1:2:4 என்ற கலவையில் கொங்கிரீட் இட்டு, மேற்பகுதியை நீர் வழிந்தோடும்படி சரிவாகத் தேய்த்துவிட வேண்டும். மண்ணையும் கல்லையும் போட்டு மிதித்துவிட்டுப் போகும் வேலையை ஏற்காதீர்கள்.

வேலியின் பலம் மூலைத்தூண்களில்தான் இருக்கிறது. வலையை இழுத்துக் கட்டும்போது அந்த இழுவை முழுவதும் மூலைத்தூணில்தான் விழும். நடுத்தூண்கள் வலையை நிமிர்த்திப் பிடிக்க மட்டுமே. எனவே ஒவ்வொரு மூலையிலும், கேட்டின் இரு பக்கங்களிலும், சரிவு திடீரென மாறும் இடங்களிலும் தடித்த தூணும் அதற்குச் சாய்வான முட்டுத்தூணும் வேண்டும். விலையைக் குறைத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் முதலில் விட்டுவிடுவது இந்த முட்டுகளையே. குழிக் கொங்கிரீட் இறுகுவதற்குக் குறைந்தது ஒரு வாரம் விட்டுப் பிறகே வலையை இழுக்க வேண்டும். இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு வாரத்தை எங்கே விடுவார் என்று கேளுங்கள்.

கேட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. உள்முற்றம் பாதையைவிட உயரமாக இருந்தால் உள்நோக்கித் திறக்கும் கேட் நிலத்தில் இடித்து நின்றுவிடும். அங்கே பக்கவாட்டில் தள்ளும் கேட்டே பொருந்தும். இன்று முச்சக்கர வண்டி மட்டும் வருகிறது என்று எட்டடியோடு நிறுத்தாமல், நாளை சீமெந்து லொறி வரவும் இடம் இருக்கும்படி 10 அடியாவது விடுங்கள்.

முற்பணத்துக்கு வருகிறேன். பாதிப் பணத்தை யாருக்கும் முதலில் கொடுக்க வேண்டாம். தூண், வலை, சீமெந்து ஆகியவற்றை நீங்களே கடையில் உங்கள் பெயரில் பற்றுச்சீட்டோடு வாங்கி, கூலியை மட்டும் ஓடும் அடிக்கு இவ்வளவு என்று கொந்தராத்தாகப் பேசுங்கள். அப்போது அவருக்குக் கொடுக்க வேண்டியது சிறு தொகையே. தூண்கள் நின்றதும் ஒரு பகுதி, வலை இழுத்துக் கட்டியதும் ஒரு பகுதி, மீதியாக மொத்தக் கூலியில் பத்தில் ஒரு பங்கையாவது ஒரு நல்ல மழை பெய்து தூண்கள் அசையாமல் நிற்பதைப் பார்த்த பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். இவற்றை இரு பிரதிகளில் எழுதி, அவருடைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் முகவரியையும் சேர்த்து, இருவரும் கையொப்பமிடுங்கள். அவர் முன்பு அடித்த வேலிகளில் ஒரு மழைக்காலத்தையாவது கண்ட இரண்டை நேரில் போய்ப் பாருங்கள். அங்கேயும் மூலைத்தூணைக் கையால் தள்ளிப் பாருங்கள்.

உங்கள் பக்கத்துக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அப்போது தோண்டும் குழியில் நீர் நிற்கும், கரை சரியும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலமே இந்த வேலைக்கு ஏற்றது. குறைந்த விலை சொன்னவர் இவை அனைத்துக்கும் உடன்பட்டு அதே விலையை எழுத்தில் தந்தால் அவருக்கே கொடுங்கள். விலை குறைவு என்பதற்காக மட்டும் ஒரு தொழிலாளியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஹாலிஎலப் பக்கத்தில் தோட்ட வீடமைப்புத் திட்டத்தில் எங்களுக்கு 7 பேர்ச் காணியும் வீடும் கிடைத்தன. கீழ்ப்பக்கத்தில் நிலம் சரிவதால் பாவிக்க முடியவில்லை. அந்த எல்லையில் ஆறடி உயரத்துக்குக் கல்மதில் கட்டி, உள்ளே மண் நிரப்பி முற்றத்தை அகலமாக்கலாம் என்று ஒரு மேசன் சொல்கிறார். எங்கள் வீட்டுக்குக் கீழே இன்னொரு குடும்பம் இருக்கிறது. செய்யலாமா?
– வாசகர், ஹாலிஎல

பதில்: ஐயா, உங்கள் மேசன் சொல்வது வேலியும் அல்ல, மதிலும் அல்ல, அது மண்ணைத் தாங்கும் அணை. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு குடும்பத்தின் உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதால் இதை மிகுந்த அக்கறையோடு எழுதுகிறேன். மதில் தன் பாரத்தை மட்டும் தாங்கினால் போதும். பின்னால் ஆறடிக்கு மண் நிரப்பிய சுவரோ, அந்த மண்ணின் அழுத்தத்தையும், மழைநாளில் அந்த மண் குடித்த நீரின் அழுத்தத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டும். காய்ந்த காலத்தில் பல மாதங்கள் அசையாமல் நின்ற சுவர், நீர் வெளியேற வழியில்லாதபோது ஒரே இரவில் சாய்ந்துவிடலாம். அது விழுவது உங்கள் வீட்டின் மேல் அல்ல, கீழேயுள்ள வீட்டின் மேல்.

பதுளை மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததை நினைவூட்ட வேண்டியதில்லை. அங்கே மலையே இறங்கியது. உங்கள் காணியின் அளவு வேறு. ஆனால் நீரை உறிஞ்சிக் கனத்த மண் சரிவில் இறங்கும் விதம் ஒன்றே. நிலச்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் நிலத்தை வெட்டவும் நிரப்பவும் கட்டவும் முன்னர் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையைப் பெற வேண்டும் என்பது இதனால்தான். பிரதேச சபை ஊடாக அதற்கு விண்ணப்பியுங்கள். பொறியியலாளர் ஒருவர் வரைந்து தராத அணைச்சுவரை, எவ்வளவு அனுபவமுள்ள மேசன் சொன்னாலும் கட்டாதீர்கள்.

முற்றம் சிறிதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். கீழ் எல்லையில் பாரம் குறைந்த வலைக்கம்பி வேலியை அடித்து, அதன் உட்புறமாகச் சமவுயரக் கோட்டில் வெட்டிவேரை நெருக்கமாக வரிசையாக நடுங்கள். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடிக்கும். கூரைத் தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும் அந்தச் சரிவில் விழாதபடி பீலியும் கானும் அமைத்து, பொதுக் கானில் சேருங்கள். ஏற்கெனவே இருக்கும் கானின் மேல் தூணை நட்டு அதை அடைத்துவிடக் கூடாது. தூண் குழி தோண்டுமுன் அல்கத்தீன் குழாய்கள் எங்கே போகின்றன என்று அயலவர்களைக் கேளுங்கள். மலையூற்றிலிருந்து பல வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய் உங்கள் காணிக்கு அடியில் ஓரடி ஆழத்தில் கிடக்கக்கூடும், அலவாங்கின் ஒரு குத்தில் அத்தனை வீட்டுக்கும் தண்ணீர் நின்றுவிடும்.

கேள்வி: எங்கள் தோட்டத்து மரக்கறிப் பாத்தியைக் காட்டுப்பன்றிகள் அழிக்கின்றன. வேலிக் கம்பிக்கு இரவில் மட்டும் வீட்டுக் கரண்டைக் கொடுத்தால் போதும் என்று அண்ணன் ஒருவர் சொல்கிறார். பாதுகாப்பாகச் செய்வது எப்படி?
– வாசகர், பசறை

பதில்: தம்பி, இதைப் பாதுகாப்பாகச் செய்ய எந்த வழியும் இல்லை. வீட்டு மின்சாரம் 230 வோல்ட்; ஈர மண்ணில் வெறுங்காலோடு அந்தக் கம்பியைத் தொடும் எவரையும் அது கொல்லும். விடியற்காலையில் கொழுந்துக்குப் போகும் பெண்ணோ பந்தைத் தேடி வரும் பிள்ளையோ இரவில் போட்ட கரண்ட் இன்னும் நிறுத்தப்படவில்லை என்பதை அறியமாட்டார்கள். இது சட்டப்படி குற்றமும் ஆகும். மின்வேலி என்று முறையாக விற்கப்படுவது, நொடிக்கு ஒருமுறை அளவில் மிகக் குறுகிய அதிர்வை மட்டும் அனுப்பும் கருவியோடு இயங்குவது; அது வேறு, உங்கள் அண்ணன் சொல்வது வேறு.

பன்றி வேலியைத் தாண்டுவதில்லை; அடியில் மூக்கைக் கொடுத்துத் தூக்குகிறது. வலையின் அடிப்பகுதியை ஓரடி மண்ணுக்குள் புதைத்து, அடிக்கம்பியை இறுக்கி இழுத்து, வெளிப்புறமாகக் கனமான கற்களை அடுக்குங்கள். வேலை முடிந்ததும் வெட்டுத்துண்டுக் கம்பிகளை எல்லாம் பொறுக்கி எடுத்துவிடுங்கள், ஏனெனில் அவைதான் பிறகு சுருக்குக் கண்ணிகளாகின்றன. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று உயிரிழந்தது அத்தகைய கண்ணியில் சிக்கியே.

கேள்வி: மஸ்கெலியாவில் லயத்துக்கு முன்னால் உள்ள சிறு தோட்டத்துக்கு வேலி போட விரும்புகிறோம். உறுதி எதுவும் இல்லை. செலவழிக்கவும் வசதியில்லை. கோவிலுக்குப் போகிறவர்கள் காலங்காலமாக இந்த நிலத்தின் ஓரத்தால்தான் நடக்கிறார்கள்.
– வாசகி, மஸ்கெலியா

பதில்: அம்மா, லயத்து நிலம் தேயிலைத் தோட்டத்துக்கு உரியது என்பதால் முதலில் தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவித்து இணக்கம் பெறுங்கள். வேலி போடுவதால் நிலத்தின் உரித்து உங்களுக்கு வந்துவிடாது. தோட்ட நிலம் பெரும்பாலும் அரச காணியே; அரச காணிக்கு முதற் பதிலில் சொன்ன 10 ஆண்டுக் கணக்கும் பொருந்தாது. ஆகவே சீமெந்துத் தூணில் பணத்தைப் புதைக்காமல் உயிர்வேலி போடுவதே நல்லது என்பது என் கருத்து. உயிர்வேலிக்கு வழக்கமாக நடும் கிளிசீரியா மரம் உங்கள் மலையின் உயரத்தில் அவ்வளவாகச் செழிக்காது. தேயிலைக்கு நிழல் மரமாக நடும் டடப்பின் தடித்த கிளைகளை மழை தொடங்கும்போது, நுனியைச் சரிவாக வெட்டி நட்டால் வேர்விடும். இடையிடையே ஆடாதோடையை நெருக்கமாக நடுங்கள். ஆடுமாடுகள் அதைக் கடிப்பதில்லை.

நடைபாதையை மூட வேண்டாம். பலர் நெடுங்காலம் நடந்த பாதைக்குச் சட்டத்திலும் உரிமை உண்டாகலாம். அதைவிட, கோவிலுக்குப் போகும் வழியை அடைத்தவர் என்ற பேச்சோடு ஒரே லயத்தில் வாழ்வது கடினம். மூன்றடியாவது வழி விட்டு, அந்தப் பக்கத்தில் முள்ளுக்கம்பி இல்லாமல் வேலியை உள்ளே தள்ளி நடுங்கள்.

கேள்வி: வேலி அடிக்க முற்பணம் வாங்கிய ஒருவர் பாதித் தூண்களை நட்டுவிட்டுப் போனவர் வரவேயில்லை. தொலைபேசியையும் எடுப்பதில்லை. எழுத்தில் எதுவும் இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், தலவாக்கலை

பதில்: ஐயா, எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்பதால் எல்லாம் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். வங்கி ஊடாக அனுப்பியிருந்தால் அதன் சீட்டு, அவருடன் பரிமாறிய குறுஞ்செய்திகள், வாட்ஸ்அப் குரல் பதிவுகள், பணம் கொடுத்தபோது உடனிருந்தவர் ஆகிய அனைத்தும் சான்றுகளே. அவற்றை இன்றே ஒன்றுசேர்த்து, வேறொரு இடத்திலும் பிரதி வையுங்கள். நட்ட தூண்களைத் திகதியோடு படம் எடுங்கள். மீதி வேலையை வேறொருவரிடம் கொடுக்குமுன் இதைச் செய்வது முக்கியம், ஏனெனில் புதியவர் கை வைத்த பிறகு யார் எவ்வளவு செய்தார் என்பதைக் காட்ட முடியாது.

அடுத்து, நடந்த வேலையின் அளவையும் கொடுத்த தொகையையும் குறிப்பிட்டு, 14 நாட்களுக்குள் வேலையை முடிக்க வேண்டும் அல்லது மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்று பதிவுத் தபாலில் அவருக்குக் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால் உங்கள் பகுதியின் மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பியுங்கள். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இச்சபைகளில் சட்டத்தரணி தேவையில்லை, நீங்களே தமிழில் பேசலாம். சட்டம் குறித்துள்ள தொகைக்கு உட்பட்ட பணப் பிணக்குகளில், அந்தச் சபையின் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரவும் முடியாது; ஆகவே எப்படியும் முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான்.

நட்டுவிட்டுப் போன தூண்களையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒன்றிரண்டின் அடியைத் தோண்டி, எவ்வளவு ஆழம் இறக்கப்பட்டிருக்கிறது, கொங்கிரீட் இருக்கிறதா என்று பார்த்து, அதையும் படமெடுத்து விண்ணப்பத்தோடு சேருங்கள்.